முட்டிப்பட்டம்

சில்லுவுக்கு முட்டி வீங்கிய அன்றைக்கு அந்தக் கூட்டமே ஆட்டம் போட்டது. வீக்கத்துக்கு யாராவது ஆட்டம் போடுவார்களா என்று கேட்டால், தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற ஆட்களோடு பழகாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். காலையில் முட்டி போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாத வேலை அது. கலவையைப் பரப்பு, கல்லை வை, ரப்பர் சுத்தியால் தட்டு, ரசமட்டம் வைத்துப் பார், ஒரு கல் அளவுக்குப் பின்னால் நகர். இப்படியே வருஷக்கணக்கில் நகர்ந்தால் முட்டிக்கு மேலே தண்ணீர் கோத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் முட்டிப்பட்டம். படிக்கிறவனுக்குக் காலேஜ் கொடுக்கிறது, நமக்குத் தரை கொடுக்கிறது என்று ஒரு நக்கல்.

நக்கல் என்றாலும் அதில் விஷயம் இருந்தது. பட்டம் வாங்காதவன் எத்தனை வருஷம் ஆனாலும் கையாள்தான், கலவை குழைக்கலாம், கல் சுமக்கலாம். பட்டம் வாங்கியவனுக்கு மேஸ்திரி தன் கையால் கலவை பூசுகிற புதுக் கரண்டி கொடுப்பார். வாங்கியவன் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கித் தரவேண்டும்.

மேஸ்திரி வேறு யாருமில்லை, சில்லுவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா போனபிறகு கூட்டத்தை நடத்துகிறவன் அவன். இவள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் பின்னால் கிளம்பி வந்து, உடைந்த கல் சில்லுகளைப் பொறுக்கிப் போடுகிற வேலையில் ஆரம்பித்தவள். பொறுக்கின சில்லு பெயராகவே ஒட்டிக்கொண்டது. பொறுக்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் உடைந்த கல்லையே வைத்துக்கொண்டு வளைவு வெட்டிப் பழகினாள். இப்போது கட்டர் மெஷினைக் கையில் எடுத்தால், அவள் வெட்டிச் சேர்த்த இரண்டு கல்லுக்கு நடுவில் நகம் நுழையாது. அதைக் கூட்டத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்வார்கள், அண்ணனைத் தவிர. அவன் குனிந்து பார்ப்பான், "ம்" என்பான், அடுத்த கல்லுக்குப் போய்விடுவான்.

"எங்க, பட்டம் வாங்கின காலைக் காட்டு பாப்போம்" என்றான் கம்பவுண்டர். அவன் கம்பவுண்டர் எல்லாம் இல்லை. எப்போதோ ஒரு மருந்துக்கடையில் பொட்டலம் மடித்தவன். ஆனால் கூட்டத்தில் யாருக்கு முட்டியில் தண்ணீர் கோத்தாலும் ஊசி குத்தி உறிஞ்சி எடுப்பது அவன்தான்.

சில்லு பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினாள்.

"என்னடா இது, முன்னால காணோம்? பின்னால உள்பக்கமா இல்ல இருக்கு" என்றான் கல் சுமக்கிற ஒருவன்.

"முட்டின்னா முட்டிதானே, முன்னால என்ன பின்னால என்ன" என்றான் கம்பவுண்டர். "பொம்பளப் புள்ளைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வரும்போல. நாம என்ன இதுக்கு முன்னாடி பொம்பளைக்குப் பட்டம் குடுத்திருக்கோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சில்லுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்த வேலையில் ஒரு பெண் கரண்டி வாங்குவது அதுதான் முதல் தடவை, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டீயும் பன்னும் வந்தன. அண்ணன் புதுக் கரண்டியை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, "தொலைச்சுடாத" என்றான். அவனுக்குத் தெரிந்த வாழ்த்து அவ்வளவுதான்.

வீக்கம் வற்றவில்லை. ஓய்வு எடுத்தாலும் வற்றவில்லை, ஐஸ் வைத்தாலும் வற்றவில்லை. தொட்டால் தண்ணீர் மாதிரித் தளதளவென்று இல்லாமல் கெட்டியாக இருந்தது. கம்பவுண்டர் ஒருநாள் ஊசியைக் குத்தி இழுத்தான். வழக்கமாக வருகிற மஞ்சள் தண்ணீர் வரவில்லை, கொஞ்சம் ரத்தம்தான் வந்தது. எப்போதும் ஊசி போடும்போது சினிமா வசனம் பேசுகிறவன் அன்றைக்குப் பேச்சு மூச்சு இல்லாமல் ஊசியை எடுத்துத் துடைத்து வைத்தான். பிறகு மேஸ்திரியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் அண்ணனே அவளைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனான். எலும்புக்குப் படம் எடுத்தார்கள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். அப்புறம் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். அண்ணன் வெளியே வந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னவாம்?"

"எலும்பு சுத்தமா இருக்காம். ஒண்ணும் பயப்பட வேணாம்னாரு."

"அப்ப வீக்கம்?"

"வேலை செய்ற முட்டி, வீங்காம? நேரமாச்சு, வா."

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அண்ணன் சொன்னபிறகு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சின்ன வயசில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன். அவள் காய்ச்சலில் கிடந்தால் தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவன்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு பெரிய வீட்டு வேலை. நடுக்கூடத்தில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் பின்னிக்கொண்டு சுழல்கிற மாதிரி ஒரு வட்டம் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். கிணறு மாதிரி நடுவில் ஆரம்பித்து இதழ் இதழாக விரிய வேண்டும், ஒரு கல் பிசகினாலும் மொத்தமும் கோணிக்கொண்டு நிற்கும். நடுக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் மழைக்காலமும் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி போடாத வீடு, சாரல் உள்ளே வந்து கலவையை நனைக்கும், பிளாஸ்டிக் தாள் கட்டினால் காற்று கிழிக்கும். அண்ணன் வட்டத்தை நூல் கட்டிக் குறித்துவிட்டு எழுந்து நின்று, "நடு வட்டம் சில்லு பாத்துக்கட்டும்" என்றான். அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை.

அந்த வேலை நடந்த நாளெல்லாம் அவளை ராணி மாதிரி வைத்துக்கொண்டார்கள். பக்கெட்டைத் தொட்டால் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். டீ வந்தால் முதல் கிளாஸ் அவளுக்குத்தான். கம்பவுண்டர் தன்னுடைய தடித்த முட்டி மெத்தையைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டான். "பட்டம் வாங்கின ஆளு, ஒரு மரியாதை வேணாமா?" என்பான். வீட்டில் அம்மாகூட அண்ணன் தட்டுக்கு முன்னால் இவள் தட்டில் முட்டையை வைத்தாள். கால் மடங்க மறுத்தது, வலி தொடைவரை ஏறி இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். பெரிய ஆளானால் இப்படித்தான் நடத்துவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகள், அப்படித்தான் நினைத்தாள்.

கடைசி இதழை வைத்து இடுக்கு அடைத்துத் துடைத்தபோது வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தின் மேல் நடந்து பார்த்தார். அண்ணன் "ம்" என்றான். மறுநாள் காலையில் அவனே, "கிளம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றான். நான் கேட்கக்கூட இல்லையே, இவனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவளுக்குக் கண் கலங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மூட்டு பார்க்கிற டாக்டரம்மா வாய் ஓயாமல் பேசுகிறவர். காலை அமுக்கியதும் அந்தப் பேச்சு நின்றது. டேப்பை எடுத்துச் சுற்றி அளந்தார், இன்னொரு காலையும் அளந்தார்.

"இந்த ஊசிக் குத்து யார் போட்டது?"

"எங்க கூட வேலை செய்றவர்" என்றாள் சில்லு.

"நல்லா இருக்கு. கொத்தனார் வேலைக்கு நான் வரட்டுமா?" என்றார் டாக்டரம்மா. "எப்பேர்ந்து இருக்கு? வேற எங்கயாவது காட்டினீங்களா?"

அண்ணன் முந்திக்கொண்டான். "பக்கத்துல காட்டினோம் மேடம். எலும்புக்குப் படம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னாங்க."

"படம் எங்க?"

"எங்கயோ தொலைஞ்சுபோச்சு மேடம்."

எந்த டாக்டர் என்று சில்லுவிடம் கேட்டுக்கொண்டு, டாக்டரம்மா மேஜைமேல் கிடந்த போனில் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி காலைப் பிடித்துக்கொண்டார். படம் இருந்தால் அனுப்பச் சொல்லத்தான் கூப்பிட்டார், அதற்குமேல் அவர் மனதில் ஒன்றும் இல்லை.

"டைல்ஸ் வேலை செய்ற பொண்ணுதானே? நல்லா ஞாபகம் இருக்கு" என்றது தெருமுனை டாக்டரின் குரல். "எலும்புல ஒண்ணும் இல்ல மேடம், ஆனா வீக்கம் பின்னால கெட்டியா இருந்துச்சு. சதையில வர்ற கட்டி இந்தப் படத்துல தெரியாது, எம்ஆர்ஐ எடுக்கணும், உடனே போங்கன்னு அந்தப் பொண்ணோட அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். இப்பத்தான் வர்றாங்களா? கோடைக்கு முன்னாடி சொன்னது மேடம்!"

இப்போது மழையே ஓயப்போகிறது. சில்லு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்கிட்ட சொன்னாராமே."

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"வெளிய போய்ப் பேசிக்கங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் இப்போது மெதுவாக இருந்தது. "இப்ப எனக்கு இந்தக் கால் வேணும். எம்ஆர்ஐ இன்னைக்கே எடுக்கணும். நெஞ்சுக்கும் ஒரு ஸ்கேன். அப்புறம் தடிமனான ஊசியால ஒரு துண்டு சதை எடுத்து சோதனைக்கு அனுப்பணும். அதுவரைக்கும் யாரும் அதைக் குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சில்லு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் பண்ண காரியம் தெரியுமா உனக்கு? கட்டியா இருக்கும், உடனே பாருன்னு டாக்டர் அப்பவே சொல்லியிருக்காரு. இவன் எங்கிட்ட மூச்சு விடல."

பெத்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியைப் போட்டுவிட்டு, என்னடி சொல்ற என்று அலறியிருக்க வேண்டும். அம்மாவின் கத்தி நிற்கவே இல்லை. அந்த வெங்காயத்தை முழுக்க நறுக்கி முடித்தாள். அதைப் பார்த்தபோதே சில்லுவுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன், இப்ப அவகிட்ட சொல்லவேண்டாம்னு" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "கட்டின்னு சொன்னா நீ அப்பவே பாதி செத்துருவடி. அந்த வேலை முடியட்டும், தண்ணிக் கட்டியாகூட இருக்கலாம், கடவுள் விட்ட வழின்னு..."

"கடவுளை ஏம்மா இழுக்கற? அவரா மறைச்சாரு?"

"ஏண்டி இப்படிக் கத்தற? உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதா? என் காலும்மா இது! என் காலு!"

அழுகை வந்தால்கூடத் தேவலை, அதுவும் வரவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூட்டை ஒட்டிச் சதைக்குள்ளே கட்டி இருப்பது தெரிந்தது. என்ன கட்டி என்று சதைத் துண்டுதான் சொல்லும் என்றார்கள். அதையும் எடுத்து அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்தபோது கம்பவுண்டர் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே கண் கலங்கிவிட்டான்.

"என்னை மன்னிச்சுடு சில்லு. ஊசியில ரத்தம் வந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அதான் மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து எங்க எல்லாத்துக்கும் சொன்னாரு. அவளுக்குத் தெரியக்கூடாது, ஆனா கனமா எதையும் தூக்க விடாதீங்கன்னு. நாங்களும் எங்களால முடிஞ்சதப் பண்ணோம். ஒரு பக்கெட்டு தூக்க விட்டோமா உன்ன? சொல்லு."

அவன் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான். சில்லு ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பக்கெட்டைப் பிடுங்கினது, முட்டி மெத்தை, முதலில் வந்த டீ, அம்மா வைத்த முட்டை. எல்லாம் தெரிந்துகொண்டு செய்தது. கூட்டமே கூடிப் பேசி, அவளை நடுவில் உட்காரவைத்து வேலை வாங்கியிருக்கிறது. அவள் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி, பெரிய ஆளாகிவிட்டோம் என்று பூரித்துக்கொண்டு வெட்டியிருக்கிறாள்.

"போயிட்டு வாண்ணா" என்றாள். அதற்குமேல் பேசினால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

முடிவு சொல்கிற நாளில் மூன்று பேரும்தான் போனார்கள். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், தரை துடைக்கிற மருந்து வாடை மூக்கில் ஏறியது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் சில்லு வாயைத் திறந்தாள். அத்தனை நாளில் அவள் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஒண்ணு கேக்கறேன். இதுக்காவது பொய் சொல்லாத. அந்த வட்டத்தை எதுக்கு எனக்குக் குடுத்த? நல்லா செய்வேன்னா, இல்ல ஐயோ பாவம், கடைசியா ஒண்ணு பண்ணிட்டுப் போகட்டும்னா?"

அண்ணன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். சிமெண்ட் தின்று வெடித்த கை.

"பாவம்னு யாராவது அந்த வட்டத்தைக் குடுப்பாங்களா? நான் வெட்டினா அந்த வளைவு வராது. அப்பாவுக்கே வந்திருக்காது. உன்ன விட்டா இந்த வேலையில எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆளு கிடையாது" என்றான். "டாக்டர் சொன்ன அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும். போனா உன்ன படுக்கப் போட்டுடுவாங்க. நீ இல்லாம கூடம் நிக்கும், வேலை வேற ஆளுக்குப் போயிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தள்ளிட்டேன். உங்கிட்ட சொல்றதுக்கு எனக்கு வாயி வரல."

"அப்ப நான் கெட்டிக்காரிங்கறதாலதான் சொல்லல."

"ம்" என்றான்.

எத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கியவள் அவள். வந்துவிட்டது. அப்பாவுக்கே வராது என்று வந்துவிட்டது. அவனை அறையலாமா, அவன் மேல் சாய்ந்து அழலாமா என்று தெரியவில்லை. கொஞ்சம் சுமாராக வெட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் கூப்பிட்டாள். அண்ணனும் கூடவே எழுந்தான்.

"நீ உக்காரு" என்றாள் சில்லு. "எங்கிட்ட சொல்லட்டும்."

தாங்கித் தாங்கி நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா கூட யாருமில்லையா என்று பார்த்தார். அப்புறம் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். பூசி மெழுகவில்லை. புற்றுதான் என்றார். எலும்பில் வருவது இல்லை, மூட்டைச் சுற்றிய மிருதுவான சதையில் வளர்வது, சின்ன வயசுக்காரர்களுக்கும் வரும், வேலை செய்ததால் வந்தது இல்லை. நெஞ்சு ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, அது பெரிய விஷயம். முதலில் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். ஊசி போன வழியையும் சேர்த்துத்தான்.

"கால் போயிடுமா?"

"காலைக் காப்பாத்தலாம்னு நம்பறேன். மூட்டைக் காப்பாத்த முடியாது. உலோக மூட்டு வைப்போம். நடப்ப."

"முட்டி போட முடியுமா?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். "முடியாதும்மா."

"அப்பவே வந்திருந்தா?"

"அப்ப சின்னதா இருந்திருக்கும். மூட்டை விட்டுட்டுக் கட்டியை மட்டும் எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு உண்டு. நீ கேட்டதால சொல்றேன்."

"சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம்" என்றாள் சில்லு. அதை மனசாரத்தான் சொன்னாள்.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. புற்று என்பதைச் சொன்னாள். கரண்ட், ஆபரேஷன், உலோக மூட்டு எல்லாம் சொன்னாள். இனிமேல் முட்டி போட முடியாது என்பதைச் சொன்னாள். அப்போதே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்ன வார்த்தையையும் விடாமல், அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படியாடி போட்டு உடைப்ப? கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா?"

"மெதுவாவாவது எனக்கு யாராவது சொன்னீங்களாம்மா?"

போகிறவர்கள் வருகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் ஓடவில்லை, மாடிப்படியில்தான் இறங்க வேண்டும். சில்லு கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கிப் பார்த்தாள். கால் மடங்கவில்லை, உயிர் போகிற வலி. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, தூக்கிக்கொள்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினான்.

"சில்லு, நான்..."

"தோளை மட்டும் குடு. பேசாத."

அவன் ஒரு படி கீழே இறங்கி நின்று தோளைக் கொடுத்தான். அவள் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அடுத்த படிக்கு இறங்கினாள்.